வெட்டுவதற்கு முன் கிருமியின் பெயரைச் சொல்லுங்கள்: காலோடு ஒரு புதுச்சேரிப் பயணம்

போன ஜனவரிக் கடைசியில் நான் புதுச்சேரிக்குப் போனது கடல் பார்க்க அல்ல. என் இடது காலுக்குள் இரண்டு வருடமாகக் குடியிருக்கும் கிருமி எது என்று தெரிந்துகொள்ளப் போனேன். நான்கு நாள் வேலை என்று துணிமணி எடுத்துக்கொண்டு போனவள், ஒரு மாதம் கழித்துத்தான் வீடு திரும்பினேன். இதே மாதிரி வேலையாகப் போகிறவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். கடற்கரைப் பக்கம் எந்தக் கடையில் காபி நன்றாக இருக்கும் என்று எழுத நூறு பேர் இருக்கிறார்கள். சீழ் வடியும் காலோடு பேருந்தில் எந்த இருக்கையில் உட்காருவது என்று எழுத ஆள் இல்லை. ஆகவே நான் எழுதுகிறேன்.

புதிதாக வந்தவர்களுக்கு என்னைப் பற்றி. பெயர் கலை. திருவண்ணாமலையில் ஒரு கூட்டுறவு வங்கியில் காசாளர். ஞாயிற்றுக்கிழமையானால் மலைக்கோட்டைகள் ஏறுவேன், இறங்கி வந்து இங்கே எழுதுவேன். இரண்டு வருடங்களுக்கு முன் செஞ்சியிலிருந்து திரும்பும்போது ஒரு பால் வேன் எங்கள் வண்டியை இடித்தது. ஓட்டிய என் கணவர் பழனிக்கு முழங்கையில் சிராய்ப்பு. பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு முட்டிக்குக் கீழே எலும்பு உடைந்தது. பிளேட் வைத்து எட்டு ஸ்க்ரூ முடுக்கினார்கள்.

மூன்றாம் மாதம் தையல் போட்ட இடத்தில் ஒரு கொப்புளம் வந்தது. உடைந்தது, சீழ் வந்தது, மாத்திரை கொடுத்தார்கள், ஆறியது. மாத்திரையை நிறுத்திப் பத்து நாள் ஆனதும் மறுபடியும் அதே இடத்தில் கொப்புளம். இப்படியே இரண்டு வருடம். மூன்று முறை திறந்து கழுவினார்கள். நான்கு முறை சீழ் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். நான்கு முறையும் ஒன்றும் வளரவில்லை என்றே முடிவு வந்தது. கால் அழுகுகிறது, ஆனால் யாரும் குற்றவாளி இல்லை.

எங்கள் ஊர் டாக்டர் கெட்டவர் அல்ல, களைத்துப் போயிருந்தார். "இனிமே காப்பாத்த முடியாதும்மா. முட்டிக்குக் கீழ எடுத்துட்டா ஒரே வேலையா முடிஞ்சிடும். செயற்கைக் காலுங்க இப்பல்லாம் நல்லாவே வருது" என்றார். "என்னா கிருமி டாக்டர் அது?" என்று கேட்டேன். எதுவாக இருந்தால் என்ன, மருந்துக்குக் கேட்கவில்லையே என்றார். "பேரு தெரியாத ஆளுக்கு நான் கால எடுத்துக் குடுக்க மாட்டேன்" என்றேன். அவர் என்னை விட்டுவிட்டுப் பழனியைப் பார்த்தார். பழனி தலையாட்டினார். காலை எடுக்கப் பிப்ரவரி பத்தாம் தேதி குறித்துக் கொடுத்தார்கள்.

அந்தக் கோபத்தோடு இந்த வலைப்பக்கத்தில் நான்கு வரி எழுதினேன். அதைப் படித்த ஒரு வாசகர், பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர், தன் அண்ணனுக்கு இடுப்பில் வைத்த செயற்கை மூட்டில் இதே தொல்லை வந்ததையும், புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் கண்டுபிடித்ததையும் எழுதி, அந்த மருத்துவமனையின் தொலைபேசி எண்ணும் அனுப்பினார். பேசினேன். அங்கே போட்ட முதல் நிபந்தனையே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினான்கு நாள் எந்தக் கிருமிக்கொல்லி மாத்திரையும் சாப்பிடாமல் வர வேண்டும். ஒரு வேளைகூட விடக்கூடாது என்று இரண்டு வருடமாக என்னை மிரட்டி வைத்திருந்தார்கள், இங்கே ஒரு வேளைகூடத் தொடக்கூடாது என்கிறார்கள். பொங்கலுக்கு முந்தின நாள் நிறுத்தினேன். ஜனவரி இருபத்தேழு காலையில் கிளம்பினோம்.

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரி நூற்றைந்து கிலோமீட்டர். காலை ஏழு மணி வண்டி. நாங்கள் போனபோது ஆளுக்கு எண்பத்தைந்து ரூபாய். காலை மடக்க முடியாதவர்கள் முன்வாசலுக்குப் பின்னால் இருக்கும் முதல் இருக்கையைப் பிடியுங்கள், எதிரே இருக்கை கிடையாது, காலை நீட்டலாம். அதற்காகப் பத்து நிமிடம் முன்னதாகப் போய் நிற்கலாம், தப்பில்லை.

செஞ்சி தாண்டியதும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டார். நாற்றம் எனக்கும் தெரியும். மாத்திரை நிறுத்திய பிறகு கட்டு ஒரு நாளைக்கு இரண்டு முறை நனைந்தது. முன்பெல்லாம் கூசிப் போவேன், நிறுத்தத்தில் இறங்கிக்கூட இருக்கிறேன். அன்றைக்கு என்னவோ கூசவில்லை. "காலுல புண்ணுங்க, கட்டுக்குள்ள சீழு இருக்கு. அந்த ஜன்னல தொறந்து வச்சிக்குங்க" என்றேன். அவர் முந்தானையை எடுத்துவிட்டு, "சக்கரையா?" என்று கேட்டார். இல்லை என்றதும் திண்டிவனம் வரைக்கும் தன் மாமியாரின் சர்க்கரைப் புண்ணைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

பத்தேகாலுக்குப் புதுச்சேரி பேருந்து நிலையம். அங்கிருந்து மூலக்குளத்துக்கு ஆட்டோ. இந்த ஊர் ஆட்டோவில் மீட்டரை நம்பி ஏறாதீர்கள், பேசிவிட்டு ஏறுங்கள். இருநூற்றைம்பது கேட்டார். "காலு சரியில்லாதவங்ககிட்ட கூடவா?" என்று பழனி ஆரம்பித்தார். "காலு சரியில்லைன்னா மெதுவா ஓட்டணும் சார், மெதுவா ஓட்டுனா பெட்ரோல் ஜாஸ்தி" என்றார் ஓட்டுநர். அந்தப் பதிலுக்காகவே இருநூறு கொடுக்கலாம் என்று நான் சொன்னேன், கொடுத்தோம். வேகத்தடைகளில் உண்மையிலேயே மெதுவாகத்தான் ஏற்றி இறக்கினார்.

மருத்துவமனை வில்லியனூர் சாலையில் இருப்பதால் மூலக்குளத்தில் தங்குவதுதான் வசதி. நோயாளிகளோடு வருபவர்களுக்கு மாத, நாள் வாடகைக்கு வீடு விடுகிறவர்கள் நிறைய. எங்களுக்குக் கிடைத்த வீட்டைத் தெருவில் 'சொல்தா வீடு' என்றால் காட்டுவார்கள். சொல்தா என்றால் பட்டாளத்துக்காரர், வீட்டுக்காரம்மாவின் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அவர் இறந்துவிட்டார், பென்ஷன் வருகிறது. பிள்ளைகள் பிரான்சில். அந்த அம்மாவும் துலூஸ் என்ற ஊரில் இருபது வருடம் இருந்துவிட்டு வந்தவர். தெருவே அவரை மதாம் என்று கூப்பிடுகிறது. கீழ்வீடு, ஒரு அறை, சமையலறை, மேற்கத்திய கழிப்பறை, நாள் அறுநூறு. கழிப்பறையை முதலில் பார்த்துவிட்டு வாடகை பேசுங்கள், இடுப்புக்குக் கீழே கட்டுப் போட்டவர்களுக்கு மற்றதெல்லாம் பிறகுதான்.

மறுநாள் காலை மருத்துவமனை. எலும்பு டாக்டர் பார்த்துவிட்டுக் கிருமி ஆய்வகத்துக்கு அனுப்பினார். அங்கே டாக்டர் அமலி, முப்பத்தைந்து வயதிருக்கும், என் பழைய அறிக்கைகள் நான்கையும் மேசையில் பரப்பினார்.

"நாலு தடவ சீழ் எடுத்தப்பவும் மாத்திரை போட்டுனு இருந்தீங்களா?"

"ஒரு வேளை விட்டதில்ல."

"அதான். வெளிய திரியறதெல்லாம் செத்துடும், சீழுல ஒன்னும் வளராது. உள்ள பிளேட்டுல ஒட்டினு இருக்கறது அப்பிடியே இருக்கும். மாடித் தொட்டியில பிளீச்சிங் பவுடர் போட்டா தண்ணி சுத்தமாயிடும், செவுத்துல வழவழன்னு இருக்கறது போவுதா? தேய்ச்சாதான போவும்?"

அந்த வழவழப்பை அவர்கள் பயோஃபிலிம் என்கிறார்கள். சில கிருமிகள் உலோகத்தையோ பிளாஸ்டிக்கையோ கண்டால் அதில் ஒட்டி, கூட்டம் சேர்ந்து, தங்களைச் சுற்றி ஒரு பசையைச் சுரந்து மூடிக்கொள்கின்றன. மருந்து அந்தப் பசைக்குள் சரியாகப் போய்ச் சேராது. உள்ளே இருப்பவை வேலையைக் குறைத்துக்கொண்டு தூங்குவதுபோல் கிடப்பதால், போய்ச் சேர்ந்த மருந்தும் அவற்றைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. மருந்து நின்றதும் கொஞ்சம் வெளியே வந்து மறுபடியும் சீழ். எல்லாக் கிருமிக்கும் இந்த வித்தை தெரியாது. பசை செய்யச் சொல்லும் ஜீன் இருக்கும் கிருமிக்குத்தான் தெரியும். நஞ்சு செய்ய, தசைக்குள் புக, இப்படி நம்மைப் படுத்த உதவும் ஜீன்கள் இன்னும் பல உண்டு. எந்தக் கிருமியிடம் எந்த ஆயுதம் இருக்கிறது என்று பார்ப்பதுதான் அமலியின் ஆராய்ச்சி. எனக்கு இதைக் கேட்கக் கேட்கப் பயம் குறைந்து ஆத்திரம் வந்தது. இரண்டு வருடமாக என் உடம்பைத்தான் நான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

முப்பதாம் தேதி பிளேட்டை எடுத்துவிடலாம், எலும்பு கூடியிருக்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும், எடுத்த பிளேட்டைச் சோதனைக்கு அனுப்பலாம் என்று முடிவானது. கிருமி இன்னதென்று தெரிந்தால் கால் தப்பலாம். தெரியாமல் போனால் அங்கேயும் கத்தி மட்டும்தான் பாக்கி. இதை எலும்பு டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்.

அன்று சாயங்காலமே எனக்குத் தும்மல், உடம்புவலி, லேசான காய்ச்சல். பேருந்துக் காற்று. பழனி மெடிக்கலுக்குப் போனார். இனி நடந்ததை நம் ஊர்க்காரர்கள் யாரும் தனியாக விளக்காமலே புரிந்துகொள்வார்கள். "சளி, காய்ச்சல், ஒடம்பு வலி, ரெண்டு வேளைக்கு ஒரு செட்டு குடுங்க" என்று கேட்டிருக்கிறார். கடைக்காரரும் நான்கு அட்டைகளிலிருந்து கத்தரித்து, வேளைக்கு நான்கு மாத்திரையாகச் சின்னக் காகித உறையில் போட்டுக் கொடுத்திருக்கிறார். வாழ்நாள் முழுக்க நாங்கள் இப்படித்தான் வாங்கியிருக்கிறோம். இரவு ஒரு செட், காலையில் ஒரு செட். எனக்குச் சுகமாகவும் இருந்தது.

மறுநாள் மதியம் மதாம் கஞ்சி கொண்டுவந்தார். மேசைமேல் கிடந்த கத்தரித்த அட்டைத் துண்டுகளை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல பேரே இல்லையே. என்னா மாத்திரை இது?"

"காய்ச்சலுக்குத்தான் மதாம். செட்டு."

"நாலு கலர்ல இருக்கு. நாலும் காய்ச்சலுக்கா? அங்கல்லாம் ஃபர்மசில டாக்டர் சீட்டு இல்லாம இந்த மாதிரி தர மாட்டாங்க, தந்தாலும் டப்பாவோட தருவாங்க. இங்க வந்து இத்தினி வருசமாவுது, இந்த வெட்டிக் குடுக்குறது மட்டும் எனக்கு இன்னும் பழகல. நீ எதோ ஒரு மாத்திரை தொடக் கூடாதுன்னு சொன்னியேம்மா, அது இதுல இல்லையா?"

கஞ்சித் தட்டை அப்படியே வைத்துவிட்டேன். பெயர் இருந்த பாகம் கடையிலேயே தங்கிவிட்டது. பழனி துண்டை எடுத்துக்கொண்டு ஓடினார். திரும்பி வந்தபோது முகத்தைப் பார்த்தே தெரிந்தது. நான்கில் ஒன்று கிருமிக்கொல்லி. சீக்கிரம் கேட்கட்டும் என்று எல்லாச் செட்டிலும் ஒன்று சேர்ப்பது வழக்கமாம். பதினைந்து நாள் பட்ட பாடு, நனைந்த கட்டுகள், நாற்றம், எல்லாம் ஒரு காகித உறையோடு போயிற்று. கடைக்காரர் மீது கோபம் வந்தது, பழனி மீது வந்தது, பார்க்காமல் வாயில் போட்டுக்கொண்ட என் மீது எல்லாவற்றையும்விட அதிகமாக வந்தது.

பழனி கட்டிலில் உட்கார்ந்தார். "ரெண்டு வேளை மாத்திரைதான, கலை. யாருக்குத் தெரியப் போவுது? நாளைக்கு ஆபரேஷன முடிச்சிட்டுப் போயிடலாம்."

"கிருமிக்குத் தெரியும்" என்றேன்.

அப்போதே ஆட்டோ பிடித்து அமலியிடம் போய்ச் சொன்னோம். அவர் திட்டவில்லை, இது இங்கே அடிக்கடி நடப்பதுதான் என்று பெருமூச்சு விட்டார். நாளைக்கே எடுக்கலாம், ஆனால் மறுபடியும் ஒன்றும் வளராமல் போக வாய்ப்பு அதிகம். அல்லது இன்றிலிருந்து இன்னும் பதினான்கு நாள். அதற்குள் குளிர் நடுக்கம், காயத்தைச் சுற்றியுள்ள சிவப்பு மேலே ஏறுவது, மயக்கம், இதில் ஒன்று வந்தாலும் உடனே வந்துவிட வேண்டும், அப்புறம் சோதனையாவது ஒன்றாவது, உயிரைத்தான் பார்க்க வேண்டும். முடிவு உங்களுடையது என்றார்.

ஆஸ்பத்திரி வாசலில் வைத்தே எங்களுக்குச் சண்டை. "பதினாலு நாளு ஒன்ன இப்பிடியே வச்சினு ஒக்காரச் சொல்றியா? விஷம் மேல ஏறிட்டா என்னா பண்ணுவ? காலு இல்லன்னா நான் தூக்கினு போறேன். நீ இல்லன்னா?" என்று பழனி கேட்டார். கல்யாணமாகி இருபத்து நான்கு வருடத்தில் அவர் குரல் உடைந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். எனக்கும் அழுகை வந்தது. அழுதுகொண்டே சொன்னேன், "தூக்கினு போற எடத்துக்கெல்லாம் எனக்குப் போவ வேணாம். நான் நடக்கணும். பதினாலு நாளு இருக்கறேன். சிவப்பு ஏறுச்சுன்னா நானே வந்து படுக்கறேன், வெட்டிக்கச் சொல்லு." அவர் போய் ஆட்டோ கூப்பிட்டார். வங்கிக்கு விடுப்பு நீட்டிக்கச் சொல்லி அன்றே தெரிவித்தேன்.

அந்தப் பதினான்கு நாளைத்தான் நீங்கள் பயணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். தினமும் காலையில் சிவப்பின் விளிம்பில் பேனாவால் கோடு போடுவோம், மாலையில் கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பார்ப்போம். பாராசிட்டமால் மட்டும் அனுமதி. அதையும் பழனி முழு அட்டையாக வாங்கி வந்து, பெயரை வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார். மாலை ஆறு மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடமாட்டார்கள். ஊன்றுகோலோடு நடப்பவர்களுக்கு அதைவிட நல்ல நேரம் இல்லை. பழைய கலங்கரை விளக்கத்திலிருந்து மெதுவாகப் போய், கால் கடுத்தால் சுவரில் உட்கார்ந்துகொள்ளலாம்.

ஆறாம் நாள் நோணாங்குப்பம் போனோம். ஊரிலிருந்து எட்டு கிலோமீட்டர், கடலூர் சாலையில். அங்கே படகுத்துறையிலிருந்து பாரடைஸ் பீச்சுக்குப் படகு விடுகிறார்கள். நாங்கள் போனபோது ஆளுக்கு முந்நூறு, போய்வர. விடுமுறை நாளில் வரிசை நீளும், வாரநாளில் காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள். என் காலைப் பார்த்ததும் படகுக்காரர் மறுத்தார்.

"அக்கா, அங்க எறங்குற எடம் மணலு, தண்ணி. இந்தக் கட்டோட எப்பிடி எறங்குவீங்க?"

"யாரு எறங்குறேன்னு சொன்னா? ஒக்காந்து போயி ஒக்காந்தே வர்றேன்."

"காசு குடுத்துட்டு பீச்ச பாக்காம வரப் போறீங்களா?"

"பீச்சு என்ன பாக்கட்டும்."

சிரித்துவிட்டார். கையைப் பிடித்து ஏற்றி, காலை நீட்ட ஒரு பலகையும் போட்டுக் கொடுத்தார். காலைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு, அலையாத்திச் செடிகளுக்கு நடுவே போனேன். மற்றவர்கள் இறங்கி மணலில் ஓடியபோது நான் படகிலேயே உட்கார்ந்து வேர்க்கடலை சாப்பிட்டேன். அமலிக்கு இது தெரியாது, இப்போது படித்தால் தெரியும். கேட்டால் திட்டியிருப்பார், அவர் திட்டுவதுதான் சரி, நீங்கள் இதைச் செய்யாதீர்கள். ஆனால் அந்த இரண்டு மணி நேரம் நான் நோயாளியாக இல்லை.

ஒன்பதாம் தேதி எங்கள் ஊர் மருத்துவமனையிலிருந்து நர்ஸ் கூப்பிட்டார். நாளைக்கு ஆபரேஷன், ராத்திரியிலிருந்து வெறும் வயிற்றோடு இருங்கள் என்றார். அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் நூற்றொன்று. சிவப்பு கோட்டை அரை விரல் தாண்டியிருந்தது. போனைக் கையில் வைத்துக்கொண்டு பழனியைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்கு எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளலாம் போலத்தான் இருந்தது. பயமாக இருந்தது. பயந்துகொண்டேதான் சொன்னேன், "நாளைக்கு வர்றதா இல்லைங்க. அந்த எடத்த வேற யாருக்காவது குடுத்துடுங்க." போனை வைத்ததும் ஆட்டோ பிடித்து அமலியிடம் காட்டப் போனோம். எலும்பு டாக்டரும் வந்து பார்த்தார். ரத்தம் எடுத்தார்கள், அன்றிரவு அங்கேயே படுக்க வைத்தார்கள். காலையில் காய்ச்சல் இறங்கியிருந்தது, சிவப்பு அதே இடத்தில் நின்றிருந்தது. தாங்கலாம் என்றார்கள்.

பதின்மூன்றாம் தேதி பிளேட்டை எடுத்தார்கள். திறந்த காயத்தின் ஐந்து இடங்களிலிருந்து ஐந்து துண்டுச் சதை, ஒவ்வொன்றுக்கும் தனிக் கத்தி. பிளேட்டையும் ஸ்க்ரூக்களையும் ஒரு மூடிய டப்பாவில் திரவத்துக்குள் போட்டு, அதிர்வு கொடுக்கும் எந்திரத்தில் வைத்தார்களாம். நகைக்கடையில் கொலுசை அழுக்குப் போகக் கழுவுகிறார்களே, அந்த மாதிரி எந்திரம். ஒட்டிக்கொண்டிருப்பதெல்லாம் உதிர்ந்து திரவத்தில் விழும். அதை எடுத்து வளர்ப்பார்கள். சீழை மட்டும் துடைத்து அனுப்பினால் கிடைக்காதது இதில் கிடைக்கும். எலும்பு கூடியிருந்தது, செத்துப்போன ஒரு சின்னத் துண்டைச் சுரண்டி எடுத்தார்கள் என்று பழனி சொன்னார். முதல் மாதத்திலிருந்தே கூடிக்கொண்டிருந்த எலும்பு. அதைத்தான் வெட்டிப் போட இருந்தோம்.

ஆறாம் நாள் அமலி என்னைச் சக்கர நாற்காலியில் ஆய்வகத்துக்கே வரச் சொன்னார். கண்ணாடிக்குப் பின்னால் நின்று இரண்டு வட்டத் தட்டுகளைக் காட்டினார். இரண்டிலும் சிவப்பாக ஜெல்லி மாதிரி உணவு. ஒன்றில் வளர்ந்தவை சிவப்பாகவே இருந்தன, அது பசை செய்யத் தெரியாத கிருமி, ஒப்பிடுவதற்காக வைத்தது. மற்றதில் கரியைத் தூவியது போல வறண்ட கறுப்புப் புள்ளிகள். அது என்னுடையது.

"ஐஞ்சு துண்டுல நாலுலயும், பிளேட்டுலயும் இதேதான் வந்திருக்கு. பசை பண்ற ஜீன் இருக்கான்னு பாத்தோம், இருக்கு."

"பேரு?"

சொன்னார். ஸ்டெஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ். நம் எல்லோர் தோலிலும் சும்மா இருக்கும் கிருமியாம். என் தோலில், அவர் தோலில், உங்கள் தோலில். உடம்புக்குள் உலோகம் வைத்தால் மட்டும் சிலது இப்படிச் சுயரூபம் காட்டும். சில சமயம் ஆய்வகத்தில் அது வளர்ந்தாலும், தோலிலிருந்து ஒட்டி வந்திருக்கும் என்று ஒதுக்கிவிடுவார்களாம். நான் என்னவோ பெரிய அரக்கனை எதிர்பார்த்துப் போயிருந்தேன். பரம சாது ஒன்று ஒரு தகட்டின் மேல் பசையைப் பூசி உட்கார்ந்துகொண்டு என் காலைக் கேட்டிருக்கிறது. ரொம்ப நேரம் பார்த்தேன். பழனியும் பார்த்தார். "இதுக்கா?" என்றார்.

எந்த மருந்துக்குச் சாகும் என்றும் அந்தத் தட்டுகளிலேயே பார்த்திருந்தார்கள். ஒட்டிக்கொள்ள உலோகம் இல்லாததால் இனி ஓடி ஒளிய இடமும் இல்லை. பத்து நாள் நரம்பில் ஊசி, பிறகு மூன்று மாதம் இரண்டு மாத்திரைகள், முழு டப்பாவாக. அதில் ஒன்று சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்பட வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். சொல்லியும் முதல் நாள் பழனி பயந்தார். அந்தக் கிருமியை உறைய வைத்து ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளலாமா என்று அமலி கேட்டார். தாராளமாக, ஆனால் வெளியே மட்டும் விடாதீர்கள் என்றேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பழைய அறிக்கைகளோடு, ஒவ்வொரு முறை மாதிரி எடுத்தபோதும் என்ன மாத்திரையில் இருந்தீர்கள் என்பதையும் எழுதி எடுத்துப் போங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டர் சொல்லித்தான் நிறுத்த வேண்டும், நிறுத்திய நாட்களில் எதற்கு ஓடி வர வேண்டும் என்பதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். என் காலுக்கு நடந்தது உங்கள் காலுக்கும் நடக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். சில கால்களை எடுத்துத்தான் ஆக வேண்டும், எடுத்துக்கொண்டு மலை ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் எடுப்பதற்கு முன் யாருக்காக எடுக்கிறீர்கள் என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை. கேட்டால் டாக்டருக்குக் கோபம் வரும் என்று பயந்தால், கோபம் ஒரு நாளில் போய்விடும், கால் திரும்பி வராது.

ஊசியெல்லாம் முடிந்து பிப்ரவரிக் கடைசியில் திரும்பினோம். இப்போது எட்டு மாதம் ஆகிறது. காயம் மூடியிருக்கிறது. முழுசாக ஒரு வருடம் போனால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்கிறார் அமலி. அதுவரை மலை இல்லை, சமதரையில் தினமும் நான்கு கிலோமீட்டர்.

போன வாரம் எனக்குச் சளி பிடித்தது. எங்கள் தெரு மெடிக்கலில் போய் நின்றேன். நான் வாயைத் திறப்பதற்குள் கடைக்காரர் அட்டைகளை எடுத்துக் கத்தரிக்க ஆரம்பித்துவிட்டார். நிறுத்தச் சொன்னேன். ஒவ்வொரு அட்டையாக எடுத்துப் பெயரைப் படித்து, எது எதற்கு என்று கேட்டேன். மூன்றாவது அட்டையில் இருந்தது கிருமிக்கொல்லி, அதை அப்படியே திருப்பிக் கொடுத்தேன். பின்னால் ஆறேழு பேர் சேர்ந்துவிட்டார்கள். ஒருவர், "சீக்கிரம் வாங்கினு நகருங்கம்மா, எவ்ளோ நேரம் நிப்பீங்க?" என்றார்.

"எவ்ளோ நேரம் வேணும்னாலும் நிப்பேங்க" என்றேன். "நிக்கறதுக்கு ரெண்டு காலும் இருக்கு."